ஜப்பானின் மரண விளையாட்டுக் கதைகள்: ஆட்டத்தை நடத்துபவன் எங்கே போனான்?

நீலமேகம்

நெட்ஃபிளிக்ஸில் வரும் ஜப்பானியத் தொடர் ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’, மூன்றாவது பருவம் வரை பார்த்து முடித்தாயிற்று. ஆளரவமற்ற ஷிபுயா நாற்சந்தி, சீட்டுக்கட்டு ஆட்டங்கள், நடிப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஓர் எரிச்சல் தங்கிவிட்டது. அதைக் கொட்டத்தான் இந்த இழை. கதை முடிவுகள் எல்லாம் வரும். பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மனிதர்களை ஓரிடத்தில் அடைத்து, விதிகளைச் சொல்லி, ஒருவரையொருவர் கொல்ல வைப்பது இந்த வகைக் கதைகளின் அடிப்படை. சரி, யார் வைக்கிறார்கள்? தகாமி கோஷுன் எழுதி 1999-இல் வெளிவந்த ‘பேட்டில் ராயல்’ நாவலில் அதற்குத் தெளிவான பதில் உண்டு: அரசாங்கம். பெருங்கிழக்காசியக் குடியரசு என்றொரு கற்பனைச் சர்வாதிகார நாடு. ஆண்டுக்கு ஐம்பது ஒன்பதாம் வகுப்புகளைப் பொறுக்கியெடுத்து, ஒரே ஒரு மாணவர் மிஞ்சும்வரை சண்டையிட வைக்கிறது. வெளியே சொல்லும் காரணம் ராணுவ ஆய்வு. உள்ளே இருக்கும் காரணத்தைக் கதையில் ஒரு மாணவன் பிட்டுவைக்கிறான்: பக்கத்து வீட்டுக்காரனை நம்பாத ஜனங்கள் ஒன்றுகூடிப் புரட்சி செய்ய மாட்டார்கள்.

‘கைஜி’ மாங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸ்) நடத்துவது ஒரு கடன் நிறுவனம். அதற்குத் தலைவர் உண்டு, நிர்வாகிகள் உண்டு, கறுப்புக் கோட்டு அடியாட்கள் உண்டு. அதுவரைக்கும் நல்லது.

பிறகு ‘காண்ட்ஸ்’ மாங்கா. செத்தவர்களை ஓர் அறைக்கு இழுத்துவரும் கறுப்பு உருண்டை. வேட்டைக்கு அனுப்புவதற்கு முன் வானொலி உடற்பயிற்சிப் பாட்டைப் போடும். கோடை விடுமுறைக் காலையில் ஜப்பானியப் பிள்ளைகள் வரிசையில் நின்று கை காலை நீட்டும் அதே பாட்டு. அபாரமான யோசனை. ஆனால் உருண்டையின் பின்னால் யார் என்பதற்கு மிகப் பின்னால் வரும் விளக்கத்தை யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? அடுத்து ‘கமிஸமா நோ இயு தோரி’. ஆசிரியர் மேசையில் ஒரு தருமா (கை கால் இல்லாத உருண்டை ஜப்பானியப் பொம்மை) தோன்றுகிறது, அசைந்தவன் தலை சிதறுகிறது. ஏன்? கடவுளுக்குத்தான் வெளிச்சம். ‘ஆலிஸ்’ வரும்போது விண்கல் விழுந்ததாம், இதயம் நின்றிருந்த ஒரு நிமிடத்தில் நடந்ததாம்.

அரசாங்கம், கம்பெனி, உருண்டை, பொம்மை, விண்கல். நடத்துபவன் படிப்படியாகக் கரைந்துவிட்டான். கூடவே இந்தக் கதைகளின் கோபமும் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது புதிர்க்கணக்கும் ரத்தமும்தான்.

மொட்டைமாடி

விண்கல்லின் மேல் எஃப்ஐஆர் போட முடியாது என்பதுதானே உங்கள் வருத்தம்?

பரணிவாசகன்

நீலமேகம், வரிசை அழகாக இருக்கிறது, ஆனால் காலண்டர் உங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. ஃபுகுமோதோ நோபுயுகியின் ‘கைஜி’ 1996-இல் ‘யங் மேகசின்’ வார இதழில் தொடங்கியது. ‘பேட்டில் ராயல்’ நாவலுக்கு மூன்று ஆண்டு முந்தியது. ஆக, கம்பெனி முதலில், அரசாங்கம் பிறகு. ‘காண்ட்ஸ்’ 2000-இல் தொடங்கிவிட்டது. கைடானி ஷினோபுவின் ‘லயர் கேம்’ 2005-இல்தான் வந்தது, அதில் நடத்துபவர்களுக்கு அலுவலகமே உண்டு. உங்கள் கணக்குப்படி அது இருந்திருக்கவே கூடாது.

இன்னொன்று. கோபம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் வேறு என்று நினைக்கிறேன். தகாமி ககாவா மாகாணத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதி ஒரு திகில் நாவல் போட்டிக்கு அனுப்பினார். இறுதிச் சுற்று வரை போனது. நடுவர்களுக்கு உள்ளடக்கம் குமட்டியது, பரிசு கொடுக்கவில்லை. பிறகு ஓதா பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதைக்குப் பழகிய அச்சு கிடையாது, எழுதியவர் எங்கே போய் முட்டிக்கொள்வார் என்று அவருக்கே தெரியாது. இன்றைக்கு ‘மரண விளையாட்டு’ என்று கடையில் தனி அடுக்கே இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்துக்குள் ஒரு துரோகம், ஆறாவதில் ஒரு தியாகம். அடுக்கு வந்துவிட்டால் கோபம் எங்கிருந்து வரும்?

தாத்தாவின்குடை

நாவலைப் பற்றிப் பேசுகிறீர்கள், படத்தை விட்டுவிட்டீர்கள். ஃபிலிம் சொசைட்டி காலத்து ஆள் என்பதால் எனக்கு ஃபுகாசாகு கிஞ்ஜியின் படம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

2000 டிசம்பரில் படம் வந்தபோது அவருக்கு வயது எழுபது. ‘ஜிங்கி நகி தத்தகாய்’ வரிசையில் யாகூஸா (ஜப்பானிய நிழலுலகக் கும்பல்) படங்களின் முகத்தையே மாற்றியவர். ஓய்வெடுக்கும் வயதில் பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார். காரணத்தை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போரின் கடைசி ஆண்டில், பதினைந்து வயதில், ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் மாணவத் தொழிலாளியாக இருந்தார். பீரங்கிக் குண்டு மழை. ஓடி ஒளிய இடமில்லாமல் பிள்ளைகள் ஒருவர் உடலுக்கடியில் ஒருவர் புகுந்துகொண்டார்கள். பிழைத்தவர்கள் செத்த தோழர்களின் உடல்களை அள்ள வேண்டியிருந்தது. பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று அன்றைக்குப் புரிந்தது என்பார். படத்தில் பெரியவர்கள் மேல் இருக்கும் வெறுப்பு கற்பனையிலிருந்து வந்ததல்ல.

நாவலுக்கும் படத்துக்கும் ஒரு பெரிய மாற்றம். நாவலில் ஆட்டத்தை நடத்தும் அதிகாரி, ஜப்பான் முழுவதும் கொண்டாடிய ‘கின்பாச்சி சென்ஸே’ என்ற தொலைக்காட்சித் தொடரின் அன்பான ஆசிரியரைக் கேலி செய்யும் பாத்திரம். படத்தில் அந்த இடத்தில் கிதானோ தகேஷி, பாத்திரத்தின் பெயரும் கிதானோதான். தொடக்கத்திலேயே ஒரு மாணவன் அவர் தொடையில் கத்தியை இறக்கிவிட்டு ஓடுகிறான். வகுப்புக்கு ஒருவரும் வருவதில்லை. வீட்டில் மகள் தொலைபேசியில் திட்டுகிறாள். நோரிகோ என்ற ஒரு பெண் மட்டும் மரியாதையாகப் பேசியவள். கடைசியில் சுடப்பட்டு விழுந்தவர், தொலைபேசி மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்து மகளிடம் பேசிவிட்டு, பிஸ்கட் ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் சாகிறார். இந்த ஆளை வெறுப்பதா, பரிதாபப்படுவதா? நீலமேகம் சொல்கிற ‘நடத்துபவன்’ இப்படித் தோற்றுப்போன ஓர் ஆசிரியராக வருவது, விண்கல்லை விட எத்தனையோ மடங்கு மேல். அந்த மட்டில் நான் உங்கள் கட்சி.

கயல்

தாத்தா, படத்தில் எனக்கு மறக்காதது கலங்கரை விளக்கக் காட்சி. ஆறு பெண்கள் ஒன்றாகப் பதுங்கியிருக்கிறார்கள். சமைக்கிறார்கள், காயப்பட்ட நாயகன் ஷூயாவைப் பார்த்துக்கொள்கிறார்கள், சிரிப்பு கூடக் கேட்கிறது. அவன் மேல் பயம் கொண்ட ஒருத்தி அவனுக்கென்று வைத்த சாப்பாட்டில் விஷம் கலக்கிறாள். அதை வேறொருத்தி விளையாட்டாக எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான். அடுத்த சில நிமிடங்களில் ‘நீதானே’, ‘நீதானே’ என்று கத்திக்கொண்டே ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுகிறார்கள். விஷம் வைத்தவள் மேசைக்கு அடியில் உயிரோடு இருக்கிறாள், பிறகு மேலிருந்து குதிக்கிறாள்.

அந்தக் காட்சியில் அரசாங்கம் இல்லை, கிதானோ இல்லை. இதற்கு யார் மேல் கோபப்படுவீர்கள் நீலமேகம்?

நீலமேகம்

பரணி, நான் சொன்னது ஆண்டு வரிசை அல்ல, போகிற திசை. ‘லயர் கேம்’ விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயல், அந்தப் பெண்களின் கழுத்தில் பட்டை இருக்கிறது. மூன்று நாள் கெடு இருக்கிறது. ஒருவருக்கு மேல் மிஞ்சினால் எல்லாப் பட்டையும் வெடிக்கும் என்று முதல் நாளே ஒரு வீடியோ போட்டு, தொலைக்காட்சித் தொகுப்பாளினி மாதிரி ஒரு பெண் துள்ளிக் குதித்து விளக்கியிருக்கிறாள். (‘இவாஞ்செலியன்’ அனிமேஷன் தொடரின் அஸுகாவுக்குக் குரல் கொடுத்த மியாமுரா யூகோதான் அவர்.) அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் மேல்தான் என் கோபம். ஒவ்வொரு பிள்ளை சாகும்போதும் திரையில் வருகைப் பதிவேட்டு எண், பெயர், மீதி எத்தனை பேர் என்று எழுத்து வருகிறதே, அது வகுப்பாசிரியரின் கணக்கு. கலங்கரை விளக்கத்துக்குள்ளும் அது நுழைகிறது.

இரவுப்பணியாளன்

வேலை முடிந்து இப்போதுதான் இழையைப் படித்தேன். எல்லாரும் ‘கைஜி’யை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். மன்னிக்க முடியாது.

‘பேட்டில் ராயல்’ பிள்ளைகள் யாரும் சம்மதித்து வரவில்லை. குலுக்கலில் பெயர் விழுந்தது, மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கைஜி கையெழுத்துப் போட்டவன். அதுவும் தன் கடனுக்கு அல்ல, கூட வேலை பார்த்தவன் வாங்கிய மூன்று லட்சம் யென்னுக்கு ஜாமீன். அவன் ஓடிவிட்டான். வட்டி ஏறி முப்பத்தெட்டரை லட்சம் யென் ஆகிவிட்டது. ஒரு நாள் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான். ‘ஒரு இரவு கப்பலில் வந்து விளையாடு, ஜெயித்தால் கடன் ரத்து’ என்கிறான்.

அந்த எஸ்போவார் கப்பலின் ஆட்டத்தைப் பாருங்கள். கல், கத்தரி, காகிதம் தலா நான்கு என்று பன்னிரண்டு சீட்டு, மூன்று நட்சத்திரம். சீட்டு எல்லாம் தீர்ந்து, கையில் மூன்று நட்சத்திரம் மிஞ்ச வேண்டும். விளையாட இறங்கும் முன்பே கப்பலில் கட்டாயக் கடன் வேறு வாங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்றரை சதவீதம், கூட்டு வட்டி. கேட்கும்போது ஒன்றரைதானே என்று தோன்றும். நான்கு மணி நேர ஆட்டம் முடியும்போது வாங்கியதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நான் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. கந்துவட்டிக்காரர்களைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த மரியாதையான குரல் தெரியும்.

இது ஆகாயத்திலிருந்து வந்த கற்பனை இல்லை. நீர்க்குமிழிப் பொருளாதாரம் உடைந்த பிறகு ஜப்பானில் நுகர்வோர் கடன் நிறுவனங்கள் கொழித்தன. இரண்டு சட்டங்களுக்கு நடுவிலிருந்த சந்தில் 29.2 சதவீதம் வரை வட்டி வாங்கினார்கள். 2006-இல்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சட்டத் திருத்தமும் வந்தன. உச்சவரம்பு 20 சதவீதமாகக் குறைந்து, சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 2010 ஆகிவிட்டது. கைஜி அதற்குப் பத்து வருடம் முன்பே எல்லாவற்றையும் வரைந்து காட்டிவிட்டான்.

அப்புறம் அந்தப் பியர். நிலத்தடிச் சுரங்கத்தில் கடனுக்காக மண் வெட்டும் கைஜிக்கு முதல் கூலி வருகிறது. குழுத் தலைவன் ஒரு சின்ன டப்பா பியரை இலவசமாகக் கொடுக்கிறான். ஜில்லென்று இருக்கிறது. குடித்துவிட்டு அழுகிறான். சேமித்து ஒரு நாளாவது வெளியே போக வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தவன், அடுத்த நாள் தானே போய் பியர், கோழி வறுவல் என்று வாங்க ஆரம்பிக்கிறான். கொலை இல்லை, ரத்தம் இல்லை. இந்த வகையில் இதைவிடப் பயங்கரமான காட்சியை நான் பார்த்ததில்லை.

மொட்டைமாடி

நடிகர் ஃபுஜிவாரா தத்சுயாவை யாராவது காப்பாற்றுங்களேன். 2000-இல் ‘பேட்டில் ராயல்’ ஷூயா, 2006-இல் ‘டெத் நோட்’, 2009-இல் ‘கைஜி’, 2010-இல் ‘இன்சைட் மில்’. ஜப்பானில் எங்கே ஓர் அறையைப் பூட்டினாலும் உள்ளே அவர்தான் இருக்கிறார்.

இரவுப்பணியாளன்

வேர்த்து, மூக்கொழுகி, தொண்டை கிழியக் கத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வேறு யாரைப் போடுவார்கள்?

தென்றல்

நான் இந்த மாங்காக்களைப் படித்தவள் அல்ல. மகன் பத்தாம் வகுப்பு. கைப்பேசியில் நூறு பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு விளையாடுகிறான். அதற்கும் நீங்கள் பேசும் படத்துக்கும் தொடர்பு உண்டா? அவன் இப்போது ‘பேட்டில் ராயல்’ பார்க்க வேண்டும் என்கிறான். பார்க்க விடலாமா?

பரணிவாசகன்

தொடர்பு நேரடியானது அக்கா. ‘பப்ஜி’யை உருவாக்கிய பிரெண்டன் கிரீன் இந்தப் படத்திலிருந்துதான் யோசனை வந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்த வகை விளையாட்டுக்கே ‘பேட்டில் ராயல்’ என்றுதான் பெயர். வானத்திலிருந்து இறங்குவது, கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொள்வது, விளையாட்டுப் பரப்பு நேரம் போகப் போகச் சுருங்குவது. கடைசி அம்சத்தின் மூலம் படத்தில் இருக்கிறது: தடைசெய்யப்பட்ட பகுதிகளை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், அங்கே நின்றால் பட்டை வெடிக்கும். இந்தியாவில் 2020 செப்டம்பரில் ‘பப்ஜி மொபைல்’ தடை செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு வேறு பெயரில் திரும்பி வந்தது உங்கள் மகனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் விளையாட்டில் இல்லாத ஒன்று படத்தில் உண்டு. சாகிறவன் நேற்று உன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

தாத்தாவின்குடை

அம்மா, ஜப்பானிலேயே படத்துக்கு ‘பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதியில்லை’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். படத்தின் பாத்திரங்களோ பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள். அதாவது யாரைப் பற்றிய படமோ அவர்களில் பலர் பார்க்க முடியாது. ஃபுகாசாகுவுக்கு அதில் மிகுந்த வருத்தம்.

அந்த நேரத்தின் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 1997-இல் கோபே நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் செய்த கொலைகள் நாட்டையே உலுக்கியிருந்தன. 2000 மே மாதம் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பஸ்ஸைக் கடத்தி ஒருவரைக் கொன்றான். நவம்பரில் சிறார் சட்டத்தைத் திருத்தி, குற்றவியல் தண்டனைக்கான வயதை 16-இலிருந்து 14 ஆகக் குறைத்தார்கள். அடுத்த மாதம் இந்தப் படம். நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் இஷீ கோகி இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். விளைவு, திரையரங்குகளில் கூட்டம் அலைமோதியது. முந்நூறு கோடி யென்னுக்கு மேல் வசூல்.

படத்தின் தொடக்க எழுத்துகளைப் பாருங்கள்: வேலையின்மை 15 சதவீதம், ஒரு கோடிப் பேருக்கு வேலை இல்லை, எட்டு லட்சம் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணிக்கிறார்கள், பெரியவர்கள் பயந்துபோய் ஒரு சட்டம் கொண்டுவருகிறார்கள். நாவலின் சர்வாதிகாரத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கண்டு பயப்படும் சாதாரணப் பெரியவர்களைக் கொண்டுவந்தார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். ஷூயாவின் அப்பா தூக்கில் தொங்கும் காட்சி ஒன்று உண்டு. வேலை இழந்தவர். கழிவறைக் காகிதச் சுருளில் ‘தைரியமாக இரு ஷூயா’ என்று மகனுக்கு எழுதிவிட்டுப் போயிருப்பார். ரத்தக் காட்சிகளை விட அது கனமாக இருக்கும்.

கயல்

பேச்சு நல்ல இடத்துக்குப் போனாலும் ‘ஆலிஸ்’ மேல் விழுந்த அடி அப்படியே நிற்கிறது. அதன் மாங்காவைப் படைத்த அசோ ஹாரோ சார்பில் நான் வாதாடுகிறேன்.

நீலமேகம், ‘யார் நடத்துகிறார்கள்’ என்ற உங்கள் கேள்வியை அந்தக் கதை மறந்துவிடவில்லை. அதையே கடைசி ஆட்டமாக வைத்திருக்கிறது. இதய ராணி மீரா, மொட்டைமாடித் தோட்டத்தில் நாயகன் அரிசுவைக் குரோக்கே (மட்டையால் பந்தைத் தட்டும் புல்வெளி ஆட்டம்) விளையாட அழைக்கிறாள். விதி சுலபம்: மூன்று சுற்றையும் இடையில் விட்டுவிடாமல் ஆடி முடித்தால் போதும், ஜெயிக்க வேண்டியதில்லை. நடுவில் தேநீர். அரிசு கேட்கிறான், இதெல்லாம் என்ன, யார் செய்கிறார்கள்? அவள் ஒரு கதை சொல்கிறாள், எதிர்கால மனிதர்களின் பொழுதுபோக்கு என்று. அவன் நம்பியதும் சிரிக்கிறாள். இன்னொரு கதை. அதுவும் பொய். பிறகு, ‘நீ மனநல மருத்துவமனையில் இருக்கிறாய், உன் நண்பர்கள் உன் கற்பனை’ என்கிறாள். அந்தப் பொய்யில் அவன் மூழ்கியே போகிறான், ஆட்டத்தை விட்டுவிடும் விளிம்புக்கு வருகிறான். நடத்துபவனைத் தேடி அலைகிறவன் எந்தப் பொய்யையும் பிடித்துக்கொள்வான் என்பதுதான் அந்த ஆட்டமே.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் கடலலையும் வந்தபோது ஜப்பானியர்கள் யாரைப் போய்க் கேட்டார்கள்? அந்த அனுபவத்தைப் பார்த்த தலைமுறைக்கு விண்கல் நேர்மையான பதில்.

பரணிவாசகன்

மாங்கா தொடங்கியது 2010-இன் கடைசியில். பேரிடருக்கு முன்பே.

கயல்

முடிந்தது 2016-இல். விண்கல் வருவது முடிவில்தான், தொடக்கத்தில் இல்லை.

நீலமேகம்

பேரிடரில் அலைக்கு யாரும் பொறுப்பில்லை, சரி. அணு உலைக்கு? அங்கே கம்பெனி இருந்தது, கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு இருந்தது, நாடாளுமன்றமே அமைத்த விசாரணைக் குழு 2012-இல் ‘இது மனிதர்களால் விளைந்த பேரிடர்’ என்று எழுதியது. நீங்கள் எடுத்துக்காட்டிய உதாரணமே என் பக்கம் பேசுகிறது கயல்.

‘பேட்டில் ராயல்’ படத்தில் கவாதாவாக நடித்த யாமாமோதோ தாரோவை நினைத்துப் பாருங்கள். 2011-க்குப் பிறகு அணு உலை எதிர்ப்பில் இறங்கினார், 2013-இல் மேலவைக்குத் தேர்வானார், 2019-இல் தனிக் கட்சியே தொடங்கினார். படத்தில் துப்பாக்கியோடு திரிந்த அந்த ஆள், ‘யார் நடத்துகிறார்கள்’ என்று நிஜத்தில் கேட்டார்.

தாத்தாவின்குடை

நீலமேகம், உங்கள் பக்கம் நின்றவன்தான், ஆனாலும் ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1972-இல் உமேஸு கஸுவோ ‘ஹ்யோரியூ கியோஷிட்ஸு’ என்ற மாங்காவைத் தொடங்கினார். ஒரு தொடக்கப் பள்ளி, கட்டிடத்தோடும் பிள்ளைகளோடும், பாலைவனமாகிப்போன எதிர்காலத்தில் போய் விழுகிறது. முதலில் பைத்தியம் பிடிப்பது ஆசிரியர்களுக்கு. மதிய உணவு கொண்டுவரும் செகியா என்ற ஆள் சாப்பாட்டைப் பதுக்கிக்கொண்டு பிள்ளைகளை மிரட்டுகிறான். ஆறாம் வகுப்புப் பையன் ஷோ தலைமை ஏற்க வேண்டியிருக்கிறது. அங்கே விதி கிடையாது, நடுவர் கிடையாது. ஆனால் கோபம் நெருப்பாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் உலகத்தையா விட்டுப் போகிறோம் என்ற கோபம். நடத்துபவன் இல்லாமலே கோபம் சாத்தியம்தான்.

உமேஸு 2024 அக்டோபரில் காலமானார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு கடைசிவரை இருந்தார். இங்கே ஒருவரும் இரங்கல் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பரணிவாசகன்

தாத்தா, உமேஸுவை மரண விளையாட்டில் சேர்க்க மனம் வரவில்லை. விளையாட்டு என்றால் யாரோ விதி வகுத்திருக்க வேண்டும். அவருடையது பிழைத்திருத்தல் கதை.

தருமா பொம்மைப் படத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2014-இல் மீகே தகாஷி எடுத்தது. தலைகள் வெடிக்கும்போது ரத்தத்துக்குப் பதில் சிவப்புக் கோலிக்குண்டுகள் தரையில் உருளும், அந்தச் சத்தம் ஒரு வாரம் காதில் நிற்கும். 2021-இல் ‘ஸ்க்விட் கேம்’ வந்ததும் முதல் ஆட்டம் அப்படியே இருக்கிறது என்று பெரும் சர்ச்சை. இயக்குநர் ஹ்வாங் தோங்-ஹ்யோக், தான் கதையை யோசித்தது 2008 வாக்கில், ஒற்றுமை அந்த ஒரு விளையாட்டோடு சரி என்றார். கையில் காசில்லாமல் மாங்கா வாடகைக் கடைகளில் கிடந்த காலத்தில் ‘பேட்டில் ராயல்’, ‘கைஜி’, ‘லயர் கேம்’ படித்ததை அவரே சொல்லியிருக்கிறார். எனக்குத் தோன்றுவது: கொரியாக்காரர் ‘கைஜி’யின் கடனை எடுத்துக்கொண்டார், அதனால்தான் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

தருமா கதையை எழுதிய கானேஷிரோ முனேயுகி பிறகு என்ன செய்தார் தெரியுமா? ‘புளூ லாக்’. முந்நூறு இளம் கால்பந்து வீரர்களை ஒரு கட்டடத்தில் அடைத்து, ஒருவனைத் தவிர மற்றவர்களை வடிகட்டும் கதை. ஒருவரும் சாவதில்லை, தோற்றால் தேசிய அணியில் ஆடும் கனவு மட்டும் போகும். நடத்துபவன் எகோ ஜின்பாச்சி மூக்குக்கண்ணாடியோடு திரையில் வந்து கத்துகிறான். நீலமேகம், நீங்கள் தேடுகிற ஆள் விளையாட்டு மாங்காவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இரவுப்பணியாளன்

நடத்துபவன் எங்கே போனான் என்பதற்கு ‘கைஜி’யிலேயே பதில் இருக்கிறது. கப்பலில் கடன்காரர்களைப் பார்த்துப் பணத்தின் மதிப்பைப் பற்றி முழங்கிய நிர்வாகி தோனேகவா, பின்னால் தோற்றதும் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டின் மேல் மண்டியிட்டுத் தலை பதிக்க வேண்டிவருகிறது. கட்டளை போட்டவர் தலைவர் ஹ்யோதோ. அதாவது தோனேகவாவும் சம்பளக்காரன். 2015-இல் அவனை நாயகனாக வைத்தே ஒரு நகைச்சுவை மாங்கா வந்தது. அதில் அவன் மரண விளையாட்டுக்கு யோசனை கேட்டுக் கூட்டம் கூட்டுகிறான். கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் கோட்டு போட்ட கீழாட்கள் யார் யார் என்று பெயர் நினைவில் வைக்க முடியாமல் திணறுகிறான். மேலே தலைவரின் கோபம், கீழே ஊழியர்களின் அலுப்பு. ‘இந்த மாங்கா அபாரம்’ கையேட்டின் 2017 பதிப்பில் ஆண் வாசகர்கள் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஜப்பானியர்கள் கைஜியை விட அவனிடம் தங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

நீலமேகம்

இது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதா, குழி பறிக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கயல்

யோசியுங்கள். அதற்குள் கழுத்துப் பட்டை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பரணியும் தாத்தாவும் அதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

‘பேட்டில் ராயல்’ பட்டை எளிமையானது, தப்பித்தால் வெடிக்கும். ‘ஆலிஸ்’ இரண்டாம் பருவத்தில் இதய ஜாக்கி ஆட்டத்திலும் பட்டை உண்டு. சிறைச்சாலை. ஒவ்வொருவர் பட்டையின் பின்பக்கத்திலும் ஒரு சீட்டுச் சின்னம் ஒளிரும். அவரவர் சின்னம் அவரவர் கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மணிக்கொரு முறை தனி அறைக்குள் போய்ச் சின்னத்தைச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் வெடிக்கும். உள்ளே மாறுவேடத்தில் ஜாக்கி இருக்கிறான். உணவு வேண்டிய அளவு இருக்கிறது, கால வரம்பு இல்லை. ஒருவரும் பொய் சொல்லாவிட்டால் ஆட்டம் முடியவே முடியாது. அங்கே சாவுக்கு அரசாங்கமும் கம்பெனியும் தேவையில்லை, என் முதுகுக்குப் பின்னால் நிற்பவரின் ஒரு சொல் போதும்.

வைர ராஜா ஆட்டமும் அப்படித்தான். பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஆளுக்கொரு எண். எல்லாவற்றின் சராசரியை 0.8-ஆல் பெருக்கி வரும் எண்ணுக்கு அருகில் இருப்பவர் வெல்வார். தோற்றவர் தலைக்கு மேல் தொங்கும் தராசில் அமிலம் நிரம்பிக்கொண்டே வரும். கடைசியில் ஆட்டக்காரன் சிஷியா தன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். இனி முடிவு எதிராளி குஸுரியூவின் கையில். அவர் ஒரு வழக்கறிஞராக இருந்தவர், மனித உயிருக்கு விலை போடும் கணக்குகளைப் பார்த்து நொந்துபோனவர். ஆட்டத்தை நடத்துகிறவரே அவர்தான். அந்த முகத்தில் உங்கள் ‘கோபம்’ இல்லையா?

நீலமேகம்

இருக்கிறது. குஸுரியூ அத்தியாயம் முழுத் தொடரிலும் சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏன் சிறந்தது? அங்கே ஒரு கம்பெனி இருந்தது, இழப்பீட்டுக் கணக்கு இருந்தது, அதைச் சுமந்த ஒரு மனிதன் இருந்தான். விண்கல்லை நோக்கிக் கதை ஓட ஆரம்பித்ததும் அவனை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். என் எரிச்சல் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்கியது.

மொட்டைமாடி

அப்படியானால் விண்கல் குற்றவாளி இல்லை, திரைக்கதை ஆசிரியர்தான் குற்றவாளி. எஃப்ஐஆர் போடலாம்.

தென்றல்

நேற்று இரவு மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. பெயர்ப்பட்டியல் திரையில் வரும்போதெல்லாம் தன் வகுப்பில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவன் கேட்டது, ‘அந்த சார் ஏன் கடைசியில் பிஸ்கட் சாப்பிட்டார்?’ எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாத்தா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாத்தாவின்குடை

அது நோரிகோ செய்து கொண்டுவந்த பிஸ்கட் அம்மா. அந்த ஆளுக்கு அவர் வகுப்பில் கிடைத்தது அது ஒன்றுதான். பையனிடம் சொல்லுங்கள். அவனுக்கு மாங்கா வேண்டுமென்றால் தகுச்சி மசாயுகி வரைந்த பதினைந்து தொகுதிகள் உண்டு, ஆனால் அது படத்தை விடப் பச்சையாக இருக்கும். இப்போதைக்கு வேண்டாம். ‘கைஜி’யில் தொடங்கட்டும், வட்டிக் கணக்காவது பழகும்.